ஒன்பதாம் நம்பர் டிசைன்

இசக்கிதுரை அண்ணாச்சியின் பேன்ஸி ஸ்டோரில், கல்லாவுக்கு மேலே குறுக்காகக் கட்டிய கயிற்றில் கிளிப் போட்டுப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். மருதாணி டிசைன், கோல டிசைன், ரவிக்கைக் கழுத்து வெட்டும் முறை என்று எல்லாமே நாற்பது பக்கத்துக்கு மிகாதவை. சத்தியபாமா அன்றைக்கு வந்தது வெள்ளை நூல் இரண்டு உருண்டை வாங்க. பொங்கல் கழிந்த வாரம், கடையில் கூட்டமில்லை. அண்ணாச்சி நூலைத் தேடி உள்ளே குனிந்த நேரத்தில் சும்மா தலையைத் தூக்கியவள், தூக்கியபடியே நின்றுவிட்டாள். நடுவில் தொங்கிய புத்தகத்தின் அட்டையில் அவளுடைய ஒன்பதாம் நம்பர் குரோஷா பின்னல் இருந்தது.

சந்தேகப்பட ஒன்றுமில்லை. நடுவில் பதின்மூன்று இதழ். பன்னிரண்டு வைத்தால் கணக்கு சுலபம் என்று உலகத்தில் எல்லோரும் பன்னிரண்டுதான் வைப்பார்கள். பதின்மூன்றை வட்டத்துக்குள் அடக்க இவள் ஒரு பொங்கலிலிருந்து அடுத்த ஆடி வரை பின்னிப் பின்னிப் பிரித்திருக்கிறாள். இதழுக்கு வெளியே வலை, வலைக்கு வெளியே நாலு சுற்று ஓரம். ஓரம் மட்டும் என்னவோ நெளிந்து நெளிந்து நின்றது. இஸ்திரி போடாமல் போட்டோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். புத்தகத்தின் பெயர் ‘நவீன குரோஷா: இருபத்தைந்து டிசைன்கள்’. கீழே, ஜெயப்பிரியா காமராஜ், மதுரை.

“அந்தப் பொஸ்தகமா டீச்சர்? முந்தாநேத்துதான் வந்துச்சு. அதுக்குள்ள நாலு போயிருச்சு. பொம்பளையாளுவ நல்லாருக்குன்னு சொல்லுதாவ” என்றார் அண்ணாச்சி.

“இது நான் போட்டது அண்ணாச்சி.”

“அப்படியா! நீங்க பின்னுனதத்தான் போட்டோ எடுத்தாவளா?”

“பின்னுனது யாரோ. யோசிச்சது நான்.”

அண்ணாச்சி ‘அது சரி’ என்று சொல்லிவிட்டு நூலைத் தாளில் சுற்ற ஆரம்பித்தார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. கோவில்பட்டியில் யாரிடம் சொன்னாலும் இதுதான் நடக்கும். சத்தியபாமா பின்னிய டி.வி. கவரைப் பார்ப்பவர்கள் அவள் விரலைப் பிடித்துப் பார்ப்பார்கள், கை என்ன சுத்தம் என்பார்கள். கையைத்தான் சொல்வார்கள். இந்தப் பூவுக்கு எத்தனை இதழ் வைக்கலாம், எந்தச் சுற்றில் கண்ணியைக் கூட்டலாம் என்று ஒருத்தி உட்கார்ந்து மண்டையை உடைத்திருப்பாள் என்பது எவர் புத்திக்கும் எட்டாது. இட்லி மாதிரி, கொழுக்கட்டை மாதிரி, டிசைன் என்பது எப்போதும் எங்கேயும் இருப்பது என்று நினைப்பு. சத்தியபாமாவுக்கு இது பத்து வருஷத்து எரிச்சல்.

அந்த எரிச்சலில்தான் அவள் தன் வகுப்புக்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். பத்தாவதோ பன்னிரண்டோ முடித்துவிட்டு மாப்பிள்ளை பார்க்கும் வரை வீட்டில் இருக்கிற பெண்கள், மத்தியானம் மூன்று மணிக்கு அவள் வீட்டு முன்னறையில் வந்து உட்காருவார்கள். முதல் நாளே கட்டம் போட்ட கிராப் நோட்டின் முதல் பக்கத்தில், ‘இதிலுள்ள டிசைன்களை அக்காவைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஜெராக்ஸ் கூடவே கூடாது. ஜெராக்ஸ் எடுத்த தாள் ஊர் மேயப் போய்விடும், கையால் எழுதியது எழுதினவளிடமே இருக்கும் என்பது அவள் கணக்கு. ஆகவே பெண்கள் கட்டம் கட்டமாகப் பார்த்து, சுற்று சுற்றாக அவரவர் கையெழுத்தில் எழுதிக்கொள்வார்கள். தெருவில் அவளுக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ் என்று பட்டப்பெயர். அவளுக்கும் தெரியும். தெரிந்து கொஞ்சம் பெருமைகூட.

அப்படி எழுதினவர்களில் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருப்பவள் ஜெயப்பிரியா. தொண்ணூற்றாறில் வந்தாள், தொண்ணூற்றெட்டில் மதுரைக்குக் கல்யாணமாகிப் போனாள். கல்யாணத்துக்குச் சத்தியபாமாதான் தாம்பூலத் தட்டு மூடும் துணி பத்து பின்னிக் கொடுத்தாள்.

புத்தகத்தை வாங்கி வந்து வீட்டில் வைத்துப் புரட்டினால், இருபத்தைந்தில் எட்டு அவளுடையவை. மற்றவை எங்கெங்கோ பார்த்தவை, பழைய வாரப் பத்திரிகைகளில் வந்தவை. இவளுடைய எட்டுக்கும் பேர் வைத்திருந்தார்கள். இவள் நம்பர்தான் போட்டிருந்தாள். ஒன்பதாம் நம்பருக்கு ‘அலைத்தாமரை’ என்று பேர்.

புருஷன் தங்கப்பாண்டியன் பகல் ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. மில்லில் நூற்பு இயந்திரப் பகுதியில் மேஸ்திரி. புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சுத்தி நூலு, நடுவுல ஓட்டை. இதுல ஒன் ஓட்டை எது, அவ ஓட்டை எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?”

சாதாரணமாக இதற்குச் சத்தியபாமா ஏதாவது சுடச்சுடக் கொடுப்பாள். அன்றைக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தாடை மட்டும் ஆடியது. பதினெட்டு வருஷத்தில் அவள் அழுது அவர் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார், இரண்டும் சாவு வீட்டில். தங்கப்பாண்டியன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வேறு சட்டை மாட்டினார்.

“கெளம்பு. நம்ம ஹரி வக்கீலு ஆபீசுல இருப்பாரு.”

ஹரி அந்தத் தெருவில் வளர்ந்த பையன்தான், இப்போது கோர்ட்டுக்குப் பக்கத்தில் அறை எடுத்திருந்தான். சிரிப்பான் என்று நினைத்துத்தான் போனாள். அவன் சிரிக்கவில்லை. புத்தகத்தையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

“பூவுக்கு உரிமை கேக்க முடியாதுக்கா. பூ யாரு வேணாலும் போடலாம். ஆனா இந்தா கட்டம் போட்டு, இத்தன சுத்து, இத்தன கண்ணின்னு எழுதியிருக்கீங்கல்லா, இது ஒரு கதை எழுதுன மாதிரி. எழுதுன அன்னைக்கே ஒங்களுது. பதிஞ்சாத்தான்னு இல்ல. இதப் பாத்து ஒருத்தி வீட்டுல பின்னுனா நம்ம ஒண்ணும் கேக்கப் போறதில்ல. அச்சடிச்சுத் தன் பேரப் போட்டா கேக்கலாம்.”

பத்து வருஷமாக அவள் யாரிடமாவது கேட்க ஆசைப்பட்ட வார்த்தை இது. எழுதின அன்றைக்கே உன்னுடையது. வீடு திரும்பும் வழியெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பதிப்பகத்துக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. எங்கள் நூலாசிரியையிடமும் அவர் கைப்பட எழுதிய நோட்டு இருக்கிறது, நகல் இணைத்திருக்கிறோம், இரண்டில் எது முந்தியது என்று உங்கள் கட்சிக்காரர் நிரூபிக்கட்டும். இணைத்திருந்த தாளில் ஜெயப்பிரியாவின் அழகான கையெழுத்து. முதல் பக்கத்தைக் காணோம். சத்தியபாமாவின் நோட்டிலோ தேதி கிடையாது. பெண்களிடம் கையெழுத்து வாங்கியவள், தன் நோட்டில் தேதி போட வேண்டும் என்று யோசித்ததே இல்லை.

“மத்தப் பிள்ளைகளச் சாட்சி சொல்லச் சொல்லலாம். ஆனா அவியளும் கல்யாணமாகி ஆளுக்கொரு ஊருல இருக்காவ. மாமியார் வீட்டுல இருந்து கோர்ட்டுக்கு வருவாவளா?” என்றான் ஹரி.

வர மாட்டார்கள். அவளுக்கே தெரியும். வீட்டில் வந்து உட்கார்ந்து, தோற்றுப்போன வயிற்றெரிச்சலோடு புத்தகத்தை மறுபடி வரி வரியாகப் படித்தாள். ஒன்பதாம் நம்பர், ஓரம் தொடங்கும் இருபத்திரண்டாம் சுற்று: ‘பதினொரு செயின் போட்டு அடுத்த வலையில் மாட்டவும்.’ படித்துக்கொண்டே போனவள் நின்றாள். பதினொரு செயின், சங்கிலி மாதிரி பதினொரு கண்ணி. அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஓரம் நெளிந்து நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சத்தம் போட்டே சிரித்தாள். அடுக்களையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தங்கப்பாண்டியன் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். கடை நூல் விலை கூட. அதனால் கோவில்பட்டியில் குரோஷா போடுகிறவர்கள் நடுப்பூவுக்கு மட்டும் கடை நூல் எடுத்துக்கொண்டு, ஓரத்துக்கு மில் நூலை வைத்து ஒப்பேற்றுவார்கள். நூல் சுற்றும் கோனின் அடியில் மிஞ்சிப்போகிற நூலை மில்லில் எடைக்குப் போடுவார்கள். அதை வாங்கி வந்து, ஆறு இழையைச் சேர்த்து, தொடையில் உருட்டி முறுக்கிக்கொள்வது. வேகாத நூல், தண்ணீர் காணாத நூல். முதல் தடவை நனைத்ததும் படக்கென்று சுருங்கும். ஏழு செயின் போட வேண்டிய இடத்தில் பதினொன்று போட்டால்தான் நனைத்த பிறகு ஓரம் தட்டையாக உட்காரும். சத்தியபாமா பதினொன்று என்று எழுதினாள். ஓரத்துக்கு மில் நூல் என்று எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்? சோறு வடிக்கிறதுக்குத் தண்ணீர் ஊற்று என்று எவளாவது எழுதி வைப்பாளா? மதுரையில் மில் நூல் இல்லாமல், முழுக்கக் கடை நூலில் அதே பதினொன்றைப் போட்டிருக்கிறாள் ஜெயப்பிரியா. சுருங்காத நூல் என்ன செய்யும், நெளிந்துதான் நிற்கும்.

ஹரிக்கு இதைப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. புரிந்ததும் மேஜையைத் தட்டினான். “அக்கா, இந்தப் பதினொண்ணு கோவில்பட்டி மில்லு நூல வச்சிருந்தவ மட்டுந்தான் எழுத முடியும். அவ சொந்தமா யோசிச்சிருந்தா ஏழுன்னு எழுதியிருப்பா. அந்தப் பிள்ளைய நேருல வரச் சொல்லுவோம். அவ முன்னாலயே நனைச்சுக் காட்டிருங்க.”

ஜெயப்பிரியா ஒரு சனிக்கிழமை காலை மதுரை பஸ்ஸில் தனியாக வந்தாள். மெலிந்திருந்தாள். சத்தியபாமா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, பழைய பழக்கத்தில், மற்றவர்கள் செருப்பையும் சேர்த்து ஒழுங்காக அடுக்கினாள். அதைப் பார்த்ததும் சத்தியபாமாவுக்கு அவளைத் திட்ட வேண்டும் என்று இத்தனை வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததில் பாதி மறந்துபோனது. மீதிப் பாதி இருந்தது.

“முதப் பக்கத்த எங்கட்டி?”

ஜெயப்பிரியா பையைத் திறந்து நோட்டை எடுத்து நீட்டினாள். முதல் பக்கம் கிழிக்கப்படவில்லை. அக்காவைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டேன். கையெழுத்து. அதை மட்டும் நகல் எடுக்காமல் விட்டிருந்தாள்.

“கிழிக்கணும்னு நெனச்சேன். கை வரலக்கா.”

முன்னமே வந்து காத்திருந்த ஹரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். சத்தியபாமாவுக்கு அந்த நோட்டே போதும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் நனைத்துக் காட்டாமல் விட மனசில்லை. யோசித்தது யார் என்று நோட்டு சொல்லக்கூடாது, நூல் சொல்ல வேண்டும். குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாளாகியிருந்தது, அடுத்தது என்று வரும் என்று நகராட்சிக்கே தெரியாது. இருந்தும் அரை வாளி தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் ஊற்றினாள். தங்கப்பாண்டியன் வாளியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

மில் நூல் ஓரம் போட்ட ஒரு புதுத் துணியை, நனைக்காதது, தரையில் விரித்தாள். ஓரம் தொளதொளவென்று கிடந்தது. பாத்திரத்தில் முக்கினாள். பிழிந்து, துண்டில் வைத்து ஒற்றி, திரும்ப விரித்தாள். ஓரம் இறுகி, அப்பளம் மாதிரி தட்டையாகப் படிந்தது. பதின்மூன்று இதழும் ஒன்றை ஒன்று இடிக்காமல் வட்டமாக நின்றன.

“பாத்தியா? பதினொண்ணு எதுக்குன்னு தெரிஞ்சிதா?”

“தெரிஞ்சுதுக்கா.” ஜெயப்பிரியா ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். “அங்கன போன புதுசுல, அவிய வீட்டுல என்னய ஒரு வார்த்த கேக்க மாட்டாவ. அந்த நோட்டத்தான் எடுத்து எடுத்துப் பாப்பேன். எல்லாம் எங் கையெழுத்து. நாளாக நாளாக எம் மனசுலயே வந்ததுன்னு தோணிருச்சு. அவியளுக்குத் தெரிஞ்ச பதிப்பகத்துக்காரர் கேட்டப்ப, ஒங்க ஞாபகம் வரலன்னு சொன்னா பொய்யி. வந்துச்சு. பேசாம இருந்துட்டேன்.”

கையால் எழுதினது எழுதினவளிடமே இருக்கும் என்று தான் கட்டிக்கொண்ட கணக்கு சத்தியபாமாவுக்கு நினைவு வந்தது. இருக்கத்தான் செய்தது. இந்த அளவுக்கு இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஹரி தாளை எடுத்து எழுத ஆரம்பித்தான். எட்டு டிசைன்களும் சத்தியபாமாவுக்கு உரியவை, இரண்டாம் பதிப்பில் அவர் பெயரோடு வரும், அவர் சம்மதம் இல்லாமல் இனி அச்சிடக்கூடாது. ஜெயப்பிரியா மறுப்பே சொல்லவில்லை. எழுதி முடிந்ததும் பையிலிருந்து இன்னொரு துணியை எடுத்தாள். அட்டையில் இருந்த அதே துணி. “இதையும் முக்கட்டுமாக்கா?”

யாரும் பதில் சொல்லுமுன் முக்கிவிட்டாள். பிழிந்து, அதே துண்டில் ஒற்றி, முதல் துணிக்குப் பக்கத்தில் விரித்தாள். ஓரம் படியவில்லை. ஈரத்தோடு எழும்பி எழும்பி, நாலு சுற்றும் ஒன்றன்மேல் ஒன்று மடங்கி நின்றது. போட்டோவில் பார்த்ததுபோல் இல்லை. நேரில் பார்த்தால் நடுப்பூ எதற்குள்ளிருந்தோ வெளியே வருகிற மாதிரி இருந்தது. சத்தியபாமா தன்னை அறியாமல் குனிந்து பார்த்தாள்.

“அது தப்புட்டி. நூலு மாறிப் போனதால வந்த தப்பு.”

“தப்புதாங்கா. மூணு தடவ பிரிச்சேன். நம்ம கைதான் சரியில்லன்னு நெனச்சுப் பிரிச்சேன். நாலாவது தடவயும் இப்படியே வந்துச்சு. பாத்துக்கிட்டே இருந்தேன். பெறகு பிரிக்கல.” ஹரியின் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். “எட்டும் ஒங்களுதுக்கா. இந்தா கையெழுத்துப் போடுதேன். ஆனா இதப் பிரிக்காம விட்டது நான். பேரு வச்சது நான். நீங்க இந்த அலையப் பாத்தது கூட இல்லியே.”

“அதெல்லாம் சட்டத்துக்குச் சம்பந்தம் இல்லாத பேச்சு” என்றான் ஹரி. “மூலம் யாரோடதோ அவியளோடதுதான்.”

ஜெயப்பிரியா தலையாட்டினாள். எட்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள். சாப்பிட்டுப் போ என்று தங்கப்பாண்டியன் சொன்னதற்கு, பிள்ளையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று கிளம்பினாள். ஈரத் துணியை மட்டும் மடித்துப் பைக்குள் வைக்க யோசித்து, “கெடக்கட்டும்கா, காஞ்சா எடுத்து வைங்க” என்று விட்டுப் போனாள். மன்னிப்புக் கேட்கவில்லை. சத்தியபாமாவும் கேட்கும்படி விடவில்லை.

தாளில் இரண்டாவது கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது. “போடுங்கக்கா” என்றான் ஹரி. சத்தியபாமா எட்டு வரியையும் படித்தாள். ஏழுவரை சரசரவென்று வந்தாள். எட்டாவது வரியில், ‘அலைத்தாமரை என்ற ஒன்பதாம் நம்பர் டிசைன்’ என்று எழுதியிருந்தான். என்ற. இரண்டும் ஒன்றேதான் என்கிற மாதிரி. அந்த வரிக்கு நேராகப் பேனா நின்றது.

“திங்கக்கெழம தாரேனே தம்பி.”

“இதுல யோசிக்க என்ன இருக்குக்கா? செயிச்சாச்சு.”

“செயிச்சாச்சு, சரி. திங்கக்கெழம தாரேன்.”

அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு, பெட்டியைத் திறந்து, நடுப்பூ முடிந்து ஓரம் போடாமல் கிடந்த ஒன்பதாம் நம்பர் ஒன்றை எடுத்தாள். மில் நூல் கோன் பக்கத்திலேயே இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கடை நூல் உருண்டையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தன் நோட்டைத் திறக்கவில்லை. அது வேண்டியதும் இல்லை, மனப்பாடம். ஆனாலும் ஏனோ புத்தகத்தை மடியில் விரித்து, அச்சடித்த இருபத்திரண்டாம் சுற்றின்மேல் விரலை வைத்து, கடையில் இன்றைக்குத்தான் வாங்கி வந்த ஒருத்தியைப் போல முதல் வார்த்தையிலிருந்து படித்தாள்.

ஞாயிறு மத்தியானம் வரை போட்டாள். தங்கப்பாண்டியன் வந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

“கையெழுத்துப் போட்டியாட்டி?”

“பேசாதீங்க. எண்ணுதேன்.”

ஏழாவது செயினில் ஒவ்வொரு தடவையும் கை தானாக நின்றது. இந்த நூலுக்கு ஏழு போதும் என்று கைக்குத் தெரியும். கையை மீறி எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று போட்டாள். இரண்டாம் சுற்றிலேயே ஓரம் மடியில் முண்ட ஆரம்பித்தது. நான்காம் சுற்றை முடித்து நூலை அறுத்தாள். ஹரி கொடுத்த தாள் இரண்டாவது கையெழுத்து இல்லாமலே ஜன்னல் திண்டில் கிடந்தது, அதன்மேலேயே துணியை விரித்தாள்.

உள்ளங்கையை வைத்து ஓரத்தை அழுத்தினாள். படிந்தது. கையை எடுத்தாள். ஜெயப்பிரியா சொன்ன அலை சுற்று சுற்றாக எழுந்து நின்றது. மறுபடி அழுத்தினாள், இந்தத் தடவை கொஞ்சம் பலமாக, கொஞ்சம் அதிக நேரம்.